பேஸ்புக் பக்கத்தின் கொமெண்ட் கட்டுப்பாட்டுக் கருவிகள்: நம் ஊர் அரசியலுக்கு எவ்வளவு தாங்கும்?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்துபவர்களுக்கும், மாநகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களின் பக்கங்களைக் கவனிக்கும் அட்மின்களுக்கும் எழுதப்படும் மதிப்பீடு இது. வசைக் கொமெண்ட்டுகளைக் கட்டுப்படுத்த பேஸ்புக் இலவசமாகத் தரும் வசதிகள் எவை, தமிழில் அவை எங்கே வேலை செய்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதுதான் விடயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொல் வடிகட்டியை நேரம் எடுத்துச் சரியாக அமைத்தால் நல்ல பயன் உண்டு. ஆளையும் கொமெண்ட்டின் தன்மையையும் பார்த்து மறைக்கும் மொடரேஷன் அசிஸ்ட்டில், இணைப்பு நிபந்தனை தவிர மற்றவற்றைத் தேர்தல் காலத்துக்கு மட்டும் போடுங்கள். ரிப்போர்ட் பொத்தானை நம்பி இருக்க வேண்டாம். பக்க வெளிப்படைத்தன்மைப் பகுதி எல்லாவற்றிலும் சிறந்தது. நம் ஊரில் அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்ற கலப்பு முறை 2018 பெப்ரவரி 10 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 2025 மே 6 தேர்தலும் அதே முறையில்தான் நடந்தது. வட்டார வேட்பாளர் என்றால் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். அவருடைய பிள்ளை எந்தப் பாடசாலை, சகோதரி எங்கே கலியாணம் முடித்தவர் என்பதெல்லாம் வசை எழுதுபவருக்குத் தெரியும். அதனால் நம் பக்கம் வரும் கொமெண்ட்டில் கெட்ட வார்த்தையை விடக் குடும்பமும் ஊர்ப்பெயரும் சாதியும் மதமும்தான் அதிகம் இழுபடும். வாழைச்சேனை - ஓட்டமாவடி, அக்கரைப்பற்று - ஆலையடிவேம்பு போலத் தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் இடங்களிலும், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது போன்ற தமிழ் - முஸ்லிம் இழுபறி விவகாரங்களிலும் வடிகான் பற்றிய பதிவின் கீழ்கூட இனச் சண்டை தொடங்கிவிடும். கருவியை இந்தச் சூழலில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

முதலில் சொல் வடிகட்டி. பக்கத்தின் கணக்குக்கு மாறி, செட்டிங்ஸில் ‘பொலோவர்ஸ் அன்ட் பப்ளிக் கொன்டென்ட்’ பகுதிக்குப் போனால், குறிப்பிட்ட சொற்கள் உள்ள கொமெண்ட்டுகளை மறைக்கும் பெட்டி இருக்கும். பேஸ்புக் மெனுக்களை அடிக்கடி இடம் மாற்றுவதால், கிடைக்காவிட்டால் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிப் பாருங்கள். 1000 சொற்கள் வரை காற்புள்ளியால் பிரித்துப் போடலாம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘புரொபானிட்டி பில்டர்’ பொதுவான வசைச் சொற்களைத் தானே பிடிக்கும் வசதி. அதைப் போட்டு வைப்பதில் நட்டமில்லை. ஆனால் நம் ஊர்த் தமிழ் வசையை அது பிடிக்கும் என்று இருந்துவிட வேண்டாம். தமிழ் வேலை முழுவதையும் அந்த 1000 சொற்களைக் கொண்டு நீங்களே செய்ய வேண்டியதுதான்.

இங்கேதான் பெரும்பாலான அட்மின்கள் பிழை விடுகிறார்கள். ‘நாய்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே பட்டியலில் போட்டால், ‘பஸ் நிலையத்தடியில கட்டாக்காலி நாய் தொல்லை, சபை பாராதா’ என்று முறைப்பாடு சொல்பவரின் கொமெண்ட்டும் மறைந்து போகும். சபைக்கு வரும் முறைப்பாடுகளில் கட்டாக்காலி நாயும் மாடும் எப்போதும் இருப்பவை. ஆகவே வெறும் பெயரைப் போடாமல், வசையாக வரும் வடிவங்களை மட்டும் போட வேண்டும்: நாயே, நாய்ப்பயல், நாய்க்குப் பிறந்த, நாயள் மாதிரி. ‘மாடு’, ‘எருமை’, ‘பன்றி’ எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டே வருவதால், ஒரு வசைக்கு ஐந்தாறு வடிவங்களாவது தேவைப்படும். அதன் பிறகு எழுத்துப் பிழை வடிவங்கள்: ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மாறி வருபவை. பிறகு நடுவில் புள்ளியோ உடுக்குறியோ போட்டு உடைத்தவை. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களின் வடிவங்கள். ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். நாலையும் போடுங்கள்.

இன்னொரு நுட்பச் சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லைத் தேடும் இயந்திரத்துக்கு இரண்டும் வேறாக இருக்கலாம். யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டி யுனிகோடுக்கு மாற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருப்பதால், ‘ர’ வர வேண்டிய இடத்தில் கால் குறி நிற்கும் பிரதிகளும் வரும். பட்டியலில் சொல் இருந்தும் கொமெண்ட் தப்பி வந்தால் திரும்பத் தட்டாமல், வந்த கொமெண்ட்டிலிருந்தே அந்தச் சொல்லைக் கொப்பி எடுத்துப் பட்டியலில் ஒட்டுங்கள். அநேகமாகச் சரியாகிவிடும்.

இவ்வளவு செய்தாலும் நம் ஊர் வசையின் மோசமான பகுதி வடிகட்டியில் அகப்படாது. பெண் வேட்பாளரின் படத்தின் கீழ் ‘ராத்திரி கூட்டம் எத்தின மணிக்கு முடிஞ்ச அக்கா?’ என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். அதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. மரியாதைச் சொல் கூட இருக்கிறது. கீழே பத்துப் பேர் சிரிப்புக் குறி போட்டதும் அது என்ன கேள்வி என்று ஊருக்கே விளங்கும். சாதியைக் குத்துபவர்களும் சாதிப் பெயரை எழுதுவதில்லை. தொழிலையோ கோயில் திருவிழாவில் நின்ற இடத்தையோ சொல்லிவிட்டுப் போவார்கள். முஸ்லிம்களைக் குறிக்கும் சோனகர் என்ற இனப்பெயரைச் சுருக்கி வசையாக்குபவர்களைப் பிடிக்கலாம் என்றாலும், அதற்காக முழுப் பெயரையே தடுத்தால் ஒரு சமூகத்தின் பெயர் உங்கள் பக்கத்தில் எழுத முடியாத சொல்லாகிவிடும். இந்த மூன்று வகைக்கும் மனிதக் கண்தான் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்த பிறகு வேட்பாளர் பட்டியலுக்குப் பெண்களைத் தேடித் திரிந்த கட்சிகள், அவர்களுடைய பதிவுகளின் கீழ் வரும் இந்தக் கொமெண்ட்டுகளைப் பார்க்க ஓர் ஆளைக் கூட நியமிப்பதில்லை. இது கருவியின் குறை இல்லை, கட்சிகளின் குறை.

மொடரேஷன் அசிஸ்ட் புரொபெஷனல் டாஷ்போர்டில் இருக்கிறது. சொல்லைப் பார்க்காமல் ஆளையும் கொமெண்ட்டின் தன்மையையும் பார்த்து மறைப்பது இதன் வேலை: இணைப்பு உள்ள கொமெண்ட், நண்பர்களே இல்லாத கணக்கு, படமில்லாத கணக்கு என்று நிபந்தனைகளைத் தெரிவு செய்யலாம். வேட்புமனுக் காலத்தில் முளைக்கும் போலிக் கணக்குகளுக்கு இது நல்ல மருந்து. இணைப்பு நிபந்தனையை எப்போதும் போட்டு வைக்கலாம், சேறு பூசும் பக்கங்களின் இணைப்புகள் அதிலேயே நின்றுவிடும். ‘படமில்லாத கணக்கு’ நிபந்தனையில் மட்டும் கவனம் வேண்டும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் மட்டுமல்ல, தமிழ்க் கிராமங்களிலும் எத்தனையோ பெண்கள் தங்கள் படம் போடாமல்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நிபந்தனையைப் போட்டால் போலிகளோடு சேர்ந்து அவர்களுடைய குரலும் அடைபடும். போடத்தான் வேண்டும் என்றால், இந்தக் கருவியின் செயற்பாட்டுப் பதிவைத் தினமும் இரவில் திறந்து, நியாயமானவற்றை மீண்டும் வெளியே விடுங்கள். ஒரு கிளிக் வேலைதான்.

மறைப்பு என்றால் என்ன என்பதையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். ‘ஹைட்’ செய்த கொமெண்ட், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும். கொழும்பில் ஒரு பெரிய கம்பனியின் பக்கத்துக்கு இது போதும். செங்கலடியிலும் களுவாஞ்சிகுடியிலும் திருக்கோவிலிலும் எல்லாரும் எல்லாருக்கும் நண்பர். வசை எழுதியவரின் நண்பர் பட்டியலில் வசைக்கு ஆளானவரின் மச்சான் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். அட்மினின் திரையில் மறைந்த கொமெண்ட் அவர்களுடைய போனில் அப்படியே கிடக்கும். ஆகவே சந்தேகமானதை ஹைட் பண்ணுங்கள், தெளிவான வசையை அழித்து எழுதியவரை பான் பண்ணுங்கள். அழிக்கும் முன் சாட்சியம் எடுக்க வேண்டும். அது எப்படி என்று கீழே.

இதே மறைப்பு வசதிதான் உள்ளூர் அரசியல்வாதிகளின் இரட்டை முகத்துக்கும் உதவுகிறது. மேடையில் ‘நாகரிக அரசியல்’ பேசிவிட்டு, தன் பக்கத்தின் சொல் வடிகட்டியில் வடிகான், கிரவல், டெண்டர், கொமிஷன், தெருவிளக்கு என்று போட்டு வைக்க எவராலும் முடியும். கேள்வி கேட்டவருக்குத் தன் கொமெண்ட் நிற்பது போலவே தெரியும். ஊர் அதைப் பார்க்காது. எதிர்க்கட்சிக்காரரின் தாயைத் திட்டிய கொமெண்ட்டோ லைக் வாங்கிக்கொண்டு மேலே நிற்கும். இதைச் சோதிக்க வழி உண்டு. ஒரு கொமெண்ட் போட்ட பிறகு, அந்தப் பக்கத்தையும் உங்களையும் அறியாத ஒருவரின் கணக்கில் அதே பதிவைத் திறந்து, கொமெண்ட் வரிசையை ‘எல்லாக் கொமெண்ட்டுகளும்’ என்று மாற்றிப் பாருங்கள். வழமையான ‘மிகப் பொருத்தமானவை’ வரிசையில் வராமலிருப்பது மறைப்புக்குச் சான்று ஆகாது; முழு வரிசையிலும் இல்லை என்றால்தான் சந்தேகப்படலாம். மக்களின் வரிப் பணத்தில் இயங்கும் சபையின் உத்தியோகபூர்வப் பக்கத்தில் இப்படிக் கேள்விகளை மறைப்பது எந்த விதத்திலும் ஏற்க முடியாதது. வடிகட்டிச் சொற்பட்டியலைச் சபை அமர்விலேயே சமர்ப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும் என்று உறுப்பினர்கள் பிரேரணை கொண்டுவரலாம்.

அடுத்தது பக்க வெளிப்படைத்தன்மை. எந்தப் பக்கத்திலும் ‘எபவுட்’ பகுதிக்குள் ‘பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி’ இருக்கும். பக்கம் எந்தத் திகதியில் தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயர்களில் இருந்தது என்பதை அது காட்டும். நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் பெரும்பாலும் தெரியும். கிரிக்கெட் கழகத்தின் பெயரில் தொடங்கி, பிறகு ‘ஊரின் உண்மைக் குரல்’ ஆகி, தேர்தலுக்கு முன் ஒரு கட்சியை மட்டும் தாக்கும் பக்கங்களை இந்த ஒரு திரையில் பிடித்துவிடலாம். ஊரின் நாற்றத்தைப் பேசுகிறேன் என்னும் பக்கத்தை நடத்துபவர்கள் எல்லாரும் கனடாவிலோ கட்டாரிலோ இருப்பதும் அங்கேயே தெரியும். வெளிநாட்டில் இருப்பது குற்றமில்லை, ஆனால் வாசகருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்தே ‘ஆட் லைப்ரரி’க்கும் போகலாம். அரசியல் என்று வகைப்படுத்தப்பட்ட விளம்பரங்கள் அதில் 7 வருடங்கள் இருக்கும், யார் காசு கொடுத்தார் என்ற குறிப்போடு. 2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி வேட்பாளர்கள் செலவு விபரம் கொடுக்க வேண்டும். அந்த விபரத்தையும் இந்த நூலகத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பது ஊர்ச் செய்தியாளர் செய்ய வேண்டிய வேலை.

ரிப்போர்ட் சேவைக்கு மதிப்பெண் குறைவு. அதற்குப் பழைய காரணமும் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகப் புரளி கிளம்பியது. காசாளரை மிரட்டித் தலையாட்ட வைத்த வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி ஒரு மாத்திரையே கிடையாது; அரச பகுப்பாய்வில் வந்தது வெறும் மாக்கட்டி. அடுத்த வாரம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டி மாவட்டத்தின் திகன எரிந்தது, மார்ச் 7 அன்று அரசாங்கம் பேஸ்புக்கைத் தடை செய்தது. அந்த நாட்களில் சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளை முறையிட்டவர்களுக்கு ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்ற பதில்கள் வந்தன. 2020 மே மாதம் பேஸ்புக் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. ஆனால் 2025 ஜனவரியில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் வெறுப்புப் பேச்சு விதிகளை மீண்டும் தளர்த்தியது. நம் மாவட்டத்தில் இதன் விலை என்ன என்று கண்ட பிறகும் இந்தச் சேவை இப்படி இருப்பது கோபத்தைத்தான் தருகிறது.

ரிப்போர்ட் பண்ணத்தான் வேண்டும் என்றால் மூன்று விடயங்கள். ஐம்பது பேர் சேர்ந்து முறையிட்டால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம், எண்ணிக்கை கணக்கில் வராது. தனிநபரைக் கேவலப்படுத்தும் சில வகைகளில் பாதிக்கப்பட்டவரே தன் கணக்கிலிருந்து முறையிட்டால்தான் எடுப்பார்கள். ஆகவே வேட்பாளரின் போனை அட்மின் வாங்கிச் செய்வதாவது நடக்க வேண்டும். இனம், மதம், சாதி, பால் சார்ந்த தாக்குதல் என்றால் ‘துன்புறுத்தல்’ என்பதைத் தெரிவு செய்யாமல் ‘வெறுப்பு’ என்ற பிரிவைத் தெரிவு செய்யுங்கள். பொதுவாழ்வில் இருப்பவர் மீதான கடும் விமர்சனத்தை மெட்டா விட்டுவிடும், இனத்தைத் தாக்குவதைப் பிரித்துப் பார்க்கும். நிராகரித்தால் மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் தோற்றுக் குறிப்பு எண் கிடைத்தால், மெட்டாவின் முடிவுகளை மீளாய்வு செய்யும் சுயாதீன மேற்பார்வைச் சபைக்கு (ஓவர்சைட் போர்ட்) 15 நாட்களுக்குள் அனுப்பலாம்.

சாட்சியம் எடுப்பதைக் கணினியில் செய்யுங்கள். கொமெண்ட்டின் கீழ் ‘2 மணி’, ‘3 நாள்’ என்று நேரம் காட்டும் இடத்தில் வலது கிளிக் செய்து இணைப்பைக் கொப்பி எடுத்தால், அந்தக் கொமெண்ட்டுக்கே உரிய எண் அதில் இருக்கும். பிறகு மூன்று ஸ்கிரீன்ஷொட்: முழுப் பதிவு, பதில்களை விரித்த நிலையில் கொமெண்ட், எழுதியவரின் புரொபைல். மூன்றிலும் பிரவுசரின் முகவரிப் பட்டை தெரிய வேண்டும். புரொபைலின் பெயரை எப்போதும் மாற்றலாம், அதனால் பெயரை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை. ‘எடிட்டட்’ என்று இருந்தால் அதைத் தட்டி முந்திய வடிவத்தையும் எடுங்கள். எல்லாவற்றையும் அன்றே உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பினால் திகதி பதிந்துவிடும்.

இந்தச் சாட்சியம் பொலிஸுக்கு மட்டுமல்ல. கலப்பு முறையில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைப்பதில்லை. உள்ளூராட்சி ஆணையாளர் தலைமையில் கன்னி அமர்வு கூடித் தவிசாளரைத் தெரிவு செய்யும் நாளில், முந்திய மாதம் ஒருவரை ஒருவர் துரோகி என்று எழுதிய கட்சிகள் ஒரே பக்கம் கை உயர்த்தும். அதற்கு முதல்நாள் இரவு பழைய பதிவுகள் அழியும். தலைவர்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள், அவர்களுக்காகக் கொமெண்ட்டில் மல்லுக்கட்டிய இளைஞர்கள்தான் பகையோடும் பொலிஸ் முறைப்பாடுகளோடும் மிஞ்சுவார்கள். ஆதரவாளர்களுக்கு இதை எடுத்துக்காட்டப் பழைய இணைப்புகள் வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. மானநஷ்டம் என்றால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், பிறகு சிவில் வழக்கு. பாலியல் ரீதியான தொந்தரவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இருக்கிறது. இன, மத வெறுப்பைத் தூண்டினால் 2007 இன் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயம்) சட்டம். அதில் பிணை மேல் நீதிமன்றத்தில்தான். 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உண்டு. ஆனால் இவற்றை அரசியல்வாதிகள் விமர்சகர்களை மிரட்டவும் எடுப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. வெறுப்புக்கு எதிராகக் கருத்துப் போராட்டம் செய்யச் சொல்லி எழுதிய ஒருவர் 2020 ஏப்ரலில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அந்தக் கைது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில்தான் தீர்ப்பளித்தது. தன் ஆதரவாளரின் வசையைக் கண்டும் காணாதது போல இருந்துவிட்டு, வடிகான் கணக்குக் கேட்டவர் மீது பொலிஸுக்குப் போகும் உறுப்பினரின் முறைப்பாட்டை எந்த ஊர்ப் பக்கமும் வெறும் செய்தியாகப் போடக் கூடாது. இரண்டு கொமெண்ட்டையும் அருகருகே போட வேண்டும்.

வட்ஸ்அப் குழுக்களில் இந்த வசதிகளில் அநேகமானவை இல்லை. அட்மின் எல்லாருக்குமாக அழிக்கலாம், அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டலாம். ரிப்போர்ட் பண்ணினால் கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

காசுச் செலவில்லை, ஆள் செலவு உண்டு. தேர்தல் மாதத்திலும் டிசம்பர் பட்ஜெட் வாக்கெடுப்பு வாரத்திலும் ஒரு நடுத்தரப் பக்கத்துக்கு இரவில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது, ஒருவருக்கு உறைக்காத குத்தல் மற்றவருக்கு உறைக்கும். அப்படி ஆளில்லாத இரவுகளில் பதிவின் மூன்று புள்ளியைத் தட்டி, கொமெண்ட் போடக்கூடியவர்களை ‘நீங்கள் குறிப்பிடும் கணக்குகள் மட்டும்’ என்று மாற்றினால், யாரையும் குறிப்பிடாத பதிவில் கொமெண்ட் முழுதாக அடைபடும். காலையில் ஆள் வந்ததும் திறந்துவிடுங்கள்.